ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்: களியக்காவிளைப் பக்கம் விற்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு காசுக்குத் தகுமா?

களியக்காவிளை முதல் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரைக்கும், கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும், ரத்தம் எடுக்கும் சென்டர் இல்லாத ஜங்ஷன் இப்போது குறைவு. சர்க்கரை பேக்கேஜ், தைராய்டு பேக்கேஜ், ஹார்ட் பேக்கேஜ் என்று ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலில் 'ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்' என்று ஒன்றும் இடம்பிடித்திருக்கிறது. சென்டருக்குச் சென்டர் பெயர் மாறும், விலை மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி., ஏ.என்.ஏ., ஏ.என்.ஏ. புரொஃபைல், டி.எஸ்.எச்., ஆன்டி-டி.பி.ஓ. சில இடங்களில் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த மதிப்புரை எந்த ஒரு சென்டரையும் பற்றியதல்ல, இந்தத் தொகுப்பைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மொத்தமாக வாங்காதீர்கள். உடம்பில் என்ன அறிகுறி இருக்கிறதோ அதற்கேற்ப உதிரியாக வாங்கினால் இதில் மூன்று நான்கு சோதனைகள் மிக நல்லவை. இன்னொன்று: இந்த நோய்களில் உயிருக்கும் சிறுநீரகத்துக்கும் காவலாக நிற்கிற மலிவான சோதனை இந்தப் பேக்கேஜுக்குள் இல்லவே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இது எடுத்தா எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிருமா?" என்பது. தெரியாது. ஆட்டோஇம்யூன் என்றால் எதிர்ப்பு சக்தி குறைந்துபோன நோய் அல்ல. எதிர்ப்பு சக்தி திசை தவறி, காக்க வேண்டிய உடம்பையே தாக்குகிற நோய். இது புரியாமல் ரிப்போர்ட் கையில் வந்ததும் நேராகப் போய் எதிர்ப்பு சக்தி கூட்டும் கஷாயமும் பொடியும் வாங்குகிறவர்கள் நிறைய. சீந்தில் கொடியை, மலையாளத்தில் அமிர்து என்பார்கள், கொரோனா காலத்தில் காய்ச்சிக் குடித்தவர்களில் சிலருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் போலவே கல்லீரல் வீங்கியதை 2021-இல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே இந்தத் தன்மை உள்ள உடம்புக்கு 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்பது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைப்பதுதான்.

தாக்குதல் எப்படித் தொடங்குகிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் பயிற்சி பெறுகின்றன. உடம்பில் வேறெங்கோ இருக்க வேண்டிய புரதங்களை, இன்சுலினைக்கூட, அங்கே 'எய்ர்' என்ற மரபணு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டுகிறது. அதைக் கண்டு பாய்கிற டி-செல் அங்கேயே அழிக்கப்படும். ஆனாலும் சல்லடையில் சில தப்பி வெளியே வரும். நம் எல்லோருக்கும் அப்படித்தான். தப்பியவற்றை அடக்கி வைக்க ஒழுங்காற்று டி-செல்கள் என்று தனி ஒரு பிரிவு இருக்கிறது. அவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காவல் தளரும்போது நோய் தலைகாட்டுகிறது.

காவல் தளர ஒரே காரணம் போதாது. மரபணு ஒரு பங்கு. ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) வந்தால் மற்றவருக்கும் வருவது ஏழில் ஒன்று என்ற அளவில்தான். மீதி வெளியில் இருந்து வருகிறது. பீடி, சிகரெட் புகை நுரையீரலில் புரதங்களின் வடிவத்தை மாற்றுகிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலின் ஆகிறது. மாறிய புரதத்தை அன்னியன் என்று கருதி உடம்பு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், செய்கிறது. பேக்கேஜில் இருக்கும் ஆன்டி-சி.சி.பி. அளப்பது அந்த ஆன்டிபாடியைத்தான். கல்குவாரித் தூசியில் இருக்கும் சிலிக்காவும் அப்படியே: முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா மூன்றுக்கும் அது தூண்டுகோல். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறை உடைக்கிற வேலைக்குப் போகிறவர்கள் கை வீக்கத்துடன் வந்தால் வேலையைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். வைரஸ் காய்ச்சல், பெண்களின் ஹார்மோன், எக்ஸ் குரோமோசோம், எல்லாம் சேர்கின்றன. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

சேதம் மூன்று வழியில் நடக்கிறது. ஆன்டிபாடி நேராகப் போய் ஒரு செல்லின் மேல் ஒட்டுவது ஒரு வழி. கிரேவ்ஸ் நோயில் அது தைராய்டின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறது, மயஸ்தீனியாவில் தசைக்கு வரும் கட்டளையைத் தடுக்கிறது. ஆன்டிபாடியும் அது பிடித்த பொருளும் ஒட்டிக் கட்டியாகி ரத்தத்தில் மிதந்து, சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிவது இரண்டாவது. லூபஸ் சிறுநீரகத்தைக் கெடுப்பது இப்படி. மூன்றாவது, டி-செல்லே போய் உறுப்பைக் கொல்வது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை சர்க்கரை நோயில் கணையத்தின் பீட்டா செல்கள் அழிவது அந்த வழிதான். முடக்குவாதத்தில் இவை கலந்து நடக்கின்றன: மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்துப் படர்ந்து, டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சி தூண்டும் புரதங்களைச் சுரந்து, குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. அதனால்தான் இதில் முதல் சில மாதங்கள் அத்தனை முக்கியம்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம், பேக்கேஜ் அளப்பது பெரும்பாலும் ஆன்டிபாடியை மட்டும். உறுப்பில் சேதம் நடக்கிறதா என்பதை அது அளப்பதில்லை. ஆன்டிபாடி இருந்தும் நோய் வராமலே வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனையாகப் பார்ப்போம்.

ஈ.எஸ்.ஆர்., அதாவது குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகின்றன என்று பார்த்து உடம்பின் அழற்சியை ஊகிக்கும் சோதனை, மலிவு, பழையது, ஆனால் எளிதில் கெடும். வெஸ்டர்கிரன் முறையில் நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு 3.8 சதவீத சிட்ரேட் கலந்து, 200 மில்லிமீட்டர் அளவுக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்த வேண்டும். சின்ன சென்டர்களில் அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பிளைவுட் மேஜை, ஒரு கால் குட்டை, அதனடியில் மடித்த அட்டை. பக்கத்திலேயே சென்ட்ரிஃப்யூஜ் ஓடி மேஜை அதிர்கிறது. குழாய் மூன்று டிகிரி சாய்ந்தாலே சிவப்பணுக்கள் சரிவில் வழுக்கி வேகமாக இறங்கும், எண் எகிறும். ஸ்டாண்டில் இருக்கும் நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், அந்த சென்டரின் ஒழுங்கு தெரிந்துவிடும். ரத்தசோகை, கர்ப்பம், அறையின் வெக்கை எல்லாமே இதைக் கூட்டும். ரத்தத்தை வெளியே வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். சாயங்காலம் எடுத்து ராத்திரி வண்டியில் மெயின் லேபுக்கு அனுப்பிச் செய்த ஈ.எஸ்.ஆர். குறைவாகக் காட்டும். வயதுக்கு உச்ச அளவு பார்க்க எளிய கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. அறுபது வயதுப் பெண்ணுக்கு 35 என்பது பதற வேண்டிய எண் அல்ல, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தாலும்.

அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதமான சி.ஆர்.பி. இதைவிட நம்பகமானது, பயணத்தையும் தாங்கும். லூபஸில் மட்டும் ஒரு விசித்திரம்: நோய் கொதிக்கும்போதும் சி.ஆர்.பி. சாதாரணமாகவோ சற்றே கூடியோ இருக்கலாம், ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கும். சி.ஆர்.பி. திடீரென்று உயர்ந்தால் தொற்று எங்காவது இருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் தேடுவார். ஒரு எச்சரிக்கை. மூட்டுவலிக்கு லேபிள் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். அதைச் சாப்பிட்டுக்கொண்டு சோதனைக்குப் போனால் சி.ஆர்.பி.-யும் ஈ.எஸ்.ஆரும் அழகாக இறங்கியிருக்கும். ரத்தம் எடுப்பவரிடம் பொடியைப் பற்றிச் சொல்லுங்கள். சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் தூங்கிப்போயிருக்கும், மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரும். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்பதை 'வாத டெஸ்ட்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு அது தகுதியானதல்ல. முடக்குவாதம் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது பாசிட்டிவ், கால்வாசிப் பேருக்கு நெகட்டிவ். காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, வெறும் முதுமை, இவற்றிலும் பாசிட்டிவ் வரும். ஆன்டி-சி.சி.பி. அப்படியல்ல; அது பாசிட்டிவ் ஆனால், அதிலும் இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், முடக்குவாதம் என்ற சந்தேகம் வலுவாகிறது. எலும்பு அரிக்கும் வேகமும் அவர்களுக்கே அதிகம். கை விரல் முட்டிகளிலும் மணிக்கட்டிலும் நீர் வைத்து, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல், ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், பேக்கேஜில் காசு கொடுக்கத் தகுந்தது இந்த ஒன்றுதான். முந்திரி ஆபீஸில் குத்தவைத்து உட்கார்ந்து தோடு உடைக்கும் பெண்களுக்கும், ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் வருகிற வலி பெரும்பாலும் வேறு: வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். அவர்களுக்கு ஆன்டி-சி.சி.பி. தேவையில்லை.

அந்த ஆறு வாரக் கணக்கு இந்தப் பகுதிக்கு இன்னும் முக்கியம். 2006, 2007-இல் கேரளத்தைச் சிக்குன்குனியா புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகும் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் விரல் வீங்கும், காலை விறைப்பு இருக்கும், பார்ப்பதற்கு அப்படியே முடக்குவாதம்தான். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் ஆவதும் உண்டு. காய்ச்சல் வந்து மூன்றாவது வாரத்தில் பேக்கேஜ் எடுத்து, ஆர்.ஏ. பாசிட்டிவ் என்று பார்த்து, ஆயுள் முழுக்க மாத்திரை என்று பயந்து உட்காருவது வீண். முதலில் அண்மைத் தொற்றைக் காட்டும் சிக்குன்குனியா ஐ.ஜி.எம். ரத்தச் சோதனையைக் கேளுங்கள். வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி ஏ.என்.ஏ. பேக்கேஜின் நட்சத்திரம், அதிகக் கண்ணீருக்கும் காரணம் இதுதான்.

ஏ.என்.ஏ. என்பது நம் செல்லின் உட்கருவுக்கு எதிராக நாமே செய்யும் ஆன்டிபாடி. இதைப் பார்க்கும் சரியான முறை ஐ.எஃப்.ஏ., அதாவது லேபில் வளர்த்த ஹெப்-2 என்ற மனித செல் ஒட்டிய கண்ணாடிச் சில்லில் ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது. 1:80 என்றால் 10 மைக்ரோலிட்டர் சீரத்தை 790 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசலில் கலக்கி, அதில் ஒரு துளியைச் சில்லின் வட்டத்தில் விட்டு, அரை மணி ஊறவைத்து, கழுவி, ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடியை விட்டு, மறுபடி அரை மணி, மறுபடி கழுவல். இருட்டறையில் பார்த்தால், பாசிட்டிவ் சீரத்தில் கறுப்புத் தரையில் ஒவ்வொரு உட்கருவும் மின்மினி நிறத்தில் பச்சையாக ஒளிரும். உட்கரு முழுதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் ஒரு பொருள், புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் வேறு, 40 முதல் 80 வரை எண்ணக்கூடிய தனித்தனிப் பொட்டுகளாக ஒளிர்ந்தால் சென்ட்ரோமியர். கழுவல் சரியில்லை என்றால் தரையே பச்சையாகி எல்லாம் பாசிட்டிவ் போலத் தெரியும். பார்க்கிற கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். ஒரே சீரம் ஒரு லேபில் 1:80, இன்னொன்றில் 1:160 என்று வருவது இயல்பு. அதை 'நோய் கூடிவிட்டது' என்று படிக்கக் கூடாது.

பேக்கேஜ் விலையைக் குறைக்கப் பல இடங்களில் ஐ.எஃப்.ஏ.-வுக்குப் பதிலாக எலைசா முறையில் ஏ.என்.ஏ. செய்கிறார்கள். எலைசா தட்டில் எந்தெந்தப் புரதம் பூசியிருக்கிறதோ அதற்கான ஆன்டிபாடியைத்தான் பிடிக்கும், மற்றவை தப்பும். ரிப்போர்ட்டில் 1:80, 1:160 என்ற நீர்ப்பு அளவும் (டைட்டர்) ஒளிரும் வடிவத்தின் பெயரும் (பேட்டர்ன்) இல்லாமல், 0.8, 1.4 என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது எலைசா. பணம் கட்டுவதற்கு முன்பே, "ஏ.என்.ஏ. எந்த முறை? ஹெப்-2 ஐ.எஃப்.ஏ.-வா? டைட்டரும் பேட்டர்னும் ரிப்போர்ட்டில் வருமா?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் சோதனையை அங்கே எடுக்காதீர்கள்.

இப்போது அந்த எண்ணின் பொருள். 1997-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களில் 1:40-இல் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ், 1:80-இல் 13.3 சதவீதம், 1:160-இல் 5 சதவீதம், 1:320-இல்கூட 3.3 சதவீதம். ஆக, வலி இல்லை, சொறி இல்லை, சும்மா 'செக் பண்ணிப் பார்க்கலாமே' என்று பேக்கேஜ் எடுத்த எட்டுப் பேரில் ஒருவருக்கு 1:80 பாசிட்டிவ் வரத்தான் செய்யும். அவர்களுக்கு லூபஸ் இல்லை. 2019-இல் வகுத்த லூபஸ் வரையறையிலும் 1:80 என்பது உள்ளே நுழைவதற்கான வாசல் மட்டும்தான். அதற்குப் பிறகு காய்ச்சல், சொறி, முடி உதிர்வு, வாய்ப்புண், மூட்டு, ரத்த அணுக்கள், சிறுநீரகம் என்று மதிப்பெண் சேர்த்துப் பத்து வந்தால்தான் லூபஸ் என்ற பெயர். வெறும் ஏ.என்.ஏ.-வுக்கு மதிப்பெண் பூஜ்யம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தினரின் சேமிப்பு ரத்தத்தை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டதில், பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு நோய் தெரியும் முன்பே, சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஏதோ ஒரு ஆன்டிபாடி இருந்திருக்கிறது. அதனால் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் குப்பையில் போட வேண்டாம். பத்திரமாக வையுங்கள், அறிகுறி வந்தால் எடுத்துப் போங்கள். மாதாமாதம் மறுபடி எடுக்க மட்டும் செய்யாதீர்கள். ஏ.என்.ஏ. டைட்டர் நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாது; அதற்கு டி.எஸ்.-டி.என்.ஏ., சி3, சி4 என்று வேறு சோதனைகள் இருக்கின்றன, அவையும் நோய் உறுதியானவர்களுக்குத்தான்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், பூவார் பக்கம் மீன் விற்கும் பெண்களிடம் ஒரு அறிகுறியைக் கவனிக்கத் தவறக் கூடாது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு எடுத்ததும் இரண்டு மூன்று விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும், பிறகு நீலம் பாயும், கையைச் சேலையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் சிவந்து குத்தும். வெளுப்புக்கும் தோலுக்கும் கோடு போட்டதுபோல் எல்லை தெரியும். "ஐஸ்ல கை வச்சா யாருக்கும் மரக்கத்தான் செய்யும் மக்கா" என்று விட்டுவிடுவார்கள். மரப்பது வேறு, இப்படி எல்லை கட்டி வெளுப்பது வேறு. இதற்கு ரேனாட் என்று பெயர். பலருக்கு இது தீங்கில்லாத தனிக்கோளாறு. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், விரல் தோல் இறுகி மடிப்பு எடுக்க வராமல் போனால், நுனியில் ஆறாத புண் வந்தால், ஐ.எஃப்.ஏ. முறை ஏ.என்.ஏ.-வைத் தயங்காமல் எடுக்கலாம். சென்ட்ரோமியர் பேட்டர்னோ, ஸ்கிளிரோடெர்மாவைக் காட்டும் எஸ்.சி.எல்.-70 ஆன்டிபாடியோ வந்தால் நுரையீரலையும் இதயத்தையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டியவர் அவர். அந்த ஒருவருக்கு இந்தச் சோதனை கொடுத்த காசுக்குப் பல மடங்கு.

ஏ.என்.ஏ. புரொஃபைல்தான் தொகுப்பில் விலை கூடியது. ஒரு பிளாஸ்டிக் பட்டையில் பதினைந்து பதினெட்டு புரதக் கோடுகள் இருக்கும், சீரத்தில் ஊறவைத்தால் ஆன்டிபாடி உள்ள கோடு கறுக்கும். கறுப்பின் அளவை ஒற்றைக் கூட்டல், இரட்டைக் கூட்டல், மூன்று கூட்டல் என்று போடுவார்கள். ஒற்றைக் கூட்டலைப் பெரிதாக எடுக்காதீர்கள், அதில் பெரும்பகுதி வெறும் பின்னணிக் கறை. சரியான வரிசை, முதலில் ஐ.எஃப்.ஏ., அது பாசிட்டிவ் ஆனால் மட்டும் பட்டைச் சோதனை. பேக்கேஜில் இரண்டையும் ஒரே நாளில் எல்லோருக்கும் செய்துவிடுகிறார்கள். நெகட்டிவ் வருகிற பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பணம் போச்சு. விதிவிலக்கு உண்டு. தொடை தோள் தசை பலமிழந்து உட்கார்ந்தால் எழ முடியாதவர்களுக்கு ஜோ-1 ஆன்டிபாடியும், கண் வாய் வறட்சி உள்ளவர்களுக்கு ரோ ஆன்டிபாடியும் ஐ.எஃப்.ஏ.-வில் தப்பிவிடலாம். அவர்களுக்கு டாக்டரே பட்டைச் சோதனையை எழுதிக் கொடுப்பார். பட்டையில் டி.எஃப்.எஸ்.-70 கோடு மட்டும் தனியாகக் கறுத்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம், நோய் இல்லாதவர்களிடம்தான் அது தனித்து அதிகம் வரும். ஏ.எம்.ஏ.-எம்2 கோடு கறுத்து, உடம்பு அரிப்பும் இருந்தால் கல்லீரல் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் பாருங்கள்.

தைராய்டு பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தைராய்டை இயக்கும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். நல்ல சோதனை. தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும் ஆன்டி-டி.பி.ஓ. ஒருமுறை எடுத்தால் போதும். ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சியில் பத்தில் ஒன்பது பேருக்கு அது பாசிட்டிவ், ஆனால் மாத்திரை அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்.தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடி உதிர்வுக்கு வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று வருகிறது. பல லேபுகளின் இயந்திரம் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து, தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடி, இல்லாத கிரேவ்ஸ் நோய் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். குறைந்தது இரண்டு நாளைக்கு முன் அதை நிறுத்திவிட்டுப் போங்கள். வெறும் வயிறு தேவையா என்றால், இந்தத் தொகுப்பில் எதற்கும் தேவையில்லை. சாயா குடித்துவிட்டே போகலாம். சர்க்கரையோ கொழுப்போ சேர்த்து எடுத்தால்தான் வெறும் வயிறு.

இனி, பேக்கேஜில் இல்லாதது. சிறுநீர்!

லூபஸ் கொல்வது பெரும்பாலும் மூட்டைத் தாக்கி அல்ல. சிறுநீரகத்தில் அந்த ஆன்டிபாடிக் கட்டிகள் படிந்து வடிகட்டி ஓட்டையாகும்போது வலி இருக்காது. கால் கொஞ்சம் வீங்கும், சிறுநீரில் நுரை நிற்கும், அவ்வளவுதான். பலருக்கு அதுவும் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஆல்புமினும் சிவப்பணுவும் பார்க்கும் சாதாரணச் சிறுநீர்ச் சோதனை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். அதில் ஆல்புமின் வந்தால், காலை முதல் சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் எடுக்க வேண்டும், 0.5-ஐத் தாண்டினால் சிறுநீரக பயாப்சி பற்றிப் பேச வேண்டிய கட்டம். மாதவிடாய் நாளில் எடுக்க வேண்டாம், சிவப்பணு பொய்யாக வரும். முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுச் சிறுநீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். இதோடு ரத்த அணுக்களை எண்ணும் ஒரு சி.பி.சி. போதும்: வெள்ளணு நாலாயிரத்துக்குக் கீழோ, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழோ இருந்தால் அது ஏ.என்.ஏ. எண்ணைவிட அதிகம் பேசும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீர்ச் சோதனைக்கும் சி.பி.சி.-க்கும் காசு கிடையாது. ஆயிரங்கள் வாங்குகிற தொகுப்பில் வைட்டமின் டி-க்கு இடம் வைத்து, சிறுநீர்க் குப்பிக்கு இடம் வைக்காததை மன்னிக்க முடியவில்லை.

மிச்சமாகும் பணத்துக்கு நல்ல செலவு உண்டு. முடக்குவாதம் உறுதியாகி அதை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கும் முன் சி.பி.சி., கல்லீரல் சோதனை, கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி பார்த்தாக வேண்டும். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டு, வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போன சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. சீட்டில் கிழமையை எழுதி வாங்குங்கள், ஞாயிறு என்றால் ஞாயிறு. முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் எழுதினால் ஒரு நாள் அளவு உடல் எடை கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொடக்கத்தில் ஒருமுறை விழித்திரைச் சோதனை வேண்டும்.

ரிப்போர்ட் வாங்கும்போது ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லைக்கு அந்தப் பக்கம் எடுத்த ரிப்போர்ட்டை இந்தப் பக்கம் காட்டும்போது வாட்ஸ்அப்பில் வந்த முதல் பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள். ஏ.என்.ஏ.-வின் முறையும் பேட்டர்னும் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். ஆன்டி-சி.சி.பி.-க்கு லேபுக்கு லேபு உச்ச அளவு வேறு, ஒன்றில் 5, இன்னொன்றில் 17, வேறொன்றில் 20. எண்ணை மட்டும் சொன்னால் டாக்டரால் மடங்கு கணக்குப் போட முடியாது. எல்லாப் பக்கமும், ரெஃபரன்ஸ் கட்டத்தோடு, தாளில் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு கோடு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு, தனக்கு ஒரு உபாதையும் இல்லை என்றாலும், பட்டையில் எஸ்.எஸ்.-ஏ. அல்லது ரோ என்ற கோடு அழுத்தமாகக் கறுத்திருந்தால் அதை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய், இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதையைத் தழும்பாக்கிவிடும். நூறில் ஒன்று இரண்டு கருக்களுக்குத்தான் நேரும், ஆனால் முழு அடைப்பு ஆகிவிட்டால் மாற்ற வழியில்லை, பிறந்த பிறகு பலருக்குப் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும். ஆபத்தான காலம் 16-வது வாரத்தில் இருந்து 26-வது வாரம் வரை. கருவின் துடிப்பு நிமிடத்துக்கு 110-க்குக் கீழே இறங்கினால் அன்றே கருவின் இதய எக்கோ பார்க்க வேண்டும். முதல் பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் மறுபடி நேரும் வாய்ப்பு பல மடங்கு கூடும்; ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் அதைக் குறைக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து கர்ப்ப கார்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மாசமான பெண் ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் பாறசாலைக்குப் போனாலும், பிரசவம் தக்கலையில் என்றாலும், கார்டைத் திறக்கிற நர்ஸ் கண்ணில் முதலில் படுவது அந்த வரியாக இருக்க வேண்டும்.